நாற்பதுக்கு மேல் மட்டும்

டிரைவரம்மாவுக்கு நாற்பத்தாறு முடிந்து நாற்பத்தேழு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு தொழில் தொடங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். இருக்கிற வேலையை விட்டுவிட்டு அல்ல. வேலை அதுபாட்டுக்கு இருக்கும், தொழில் அதுபாட்டுக்கு நடக்கும் என்றார். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். அது எந்த மாதிரிச் சிரிப்பு என்று விளக்க வேண்டியதில்லை. "பாவம், நல்லாத்தானே இருந்தாங்க" என்கிற சிரிப்பு.

வேலை என்றால் பஸ் ஓட்டுகிற வேலை. மார்க்கெட்டில் கிளம்பி, ஆஸ்பத்திரி வழியாக, லைசென்ஸ் ஆபீஸைத் தாண்டி, ரயில் நிலையம் வரைக்கும் போய்த் திரும்புகிற டவுன் பஸ். வருஷக்கணக்காக அதே ரூட். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அக்கா பிரேக் போட்டால் நின்றுகொண்டிருக்கிற ஆளின் கையில் இருக்கும் டீ சிந்தாது என்று கண்டக்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். பஸ்ஸில் எவன் டீயோடு நிற்கிறான் என்று யாரும் அவரைத் திருப்பிக் கேட்டதில்லை. பேச்சு நன்றாக இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பெண்களுக்கான நீள சீட்டு ஒன்று உண்டு. அதில் உட்காருகிறவர்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பதே இல்லை. டிரைவரம்மாவின் கையைப் பார்ப்பார்கள், காலைப் பார்ப்பார்கள், கியர் மாறும்போது தங்கள் காலையும் லேசாக அழுத்திக்கொள்வார்கள். கண்ணாடியில் இதையெல்லாம் அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். பிள்ளைகள் வளர்ந்து, முழங்கால் வலிக்க ஆரம்பித்த வயதுப் பெண்கள். இறங்கும்போது தவறாமல் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்குவார்கள்: "எனக்கும் ஒரு காலத்துல ஆசை இருந்துச்சு."

அந்த 'ஒரு காலத்துல' என்ற வார்த்தைதான் டிரைவரம்மாவுக்கு ஆகாது. கேட்டதும் சுருக்கென்று வரும்.

ஒருநாள் மருந்துக்கடை அம்மா பஸ் ஏறினார். ஆஸ்பத்திரிக்கு எதிரே கடை வைத்திருக்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருந்தார். சேர்ந்த சூட்டோடு சூடாக விட்டும் வந்திருந்தார். சொல்லிக் கொடுத்தவனுக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். கிளட்ச்சை விட்டதும் வண்டி குலுங்கி நின்றுவிட்டதாம். அவன் டாஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "இந்த வயசுல உங்களுக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்றானாம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவர் முடிக்கும்போது சிரிக்கவில்லை.

சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. டிரைவரம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஆசை என்ன உங்க கடை மாத்திரையா, தேதி முடிஞ்சதும் தூக்கிப் போடறதுக்கு? நான் சொல்லித் தரேன். ஞாயித்துக்கிழமை வாங்க."

சொல்லிவிட்டார். கார் இல்லை, டிப்போ அனுமதி இல்லை, வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது வாயைக் கொடுத்தாயிற்று, இனி பின்வாங்குகிற பேச்சே கிடையாது.

டிப்போ மேனேஜர் அன்றைக்கு ஏதோ அவசரத்தில் இருந்தார். "ஞாயித்துக்கிழமைதானே, என்னமோ பண்ணுங்க" என்று அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையிருப்பைத் துடைத்து ஒரு பழைய கார் வாங்கியாயிற்று. பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டார். அவருடைய வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். வாழ்க்கை முழுக்கக் கண் பரிசோதனை அட்டையைப் பார்த்தே பழகியவர். கார்க் கதவில் எழுதித் தருகிறேன் என்று பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்தார். 'நாற்பதுக்கு மேல் மட்டும்' என்று எழுதினார். முதல் எழுத்து கதவு உயரத்துக்கு வந்தது, போகப்போகச் சிறுத்து, கடைசி எழுத்துக்கு எறும்பு அளவு இடம்தான் மிஞ்சியது.

"இதைப் படிக்கிறதுக்கே நாற்பது வயசுக்காரங்களுக்கு உங்க கடைக் கண்ணாடி வேணும்" என்றார் டிரைவரம்மா.

"அதுக்குத்தான்" என்றார் அவர்.

அடுத்து வந்தவர் ஒரு டீச்சர். மூன்றாவதாக வந்து நின்றவள்தான் டிரைவரம்மாவைத் திகைக்க வைத்தாள். அவருடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. டயர் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறாள். கொழுந்தன் நாள் முழுக்க ஊரார் கார்களுக்குக் காற்றடித்துக் கொடுப்பான். பெண்டாட்டியை முன் சீட்டில் உட்கார வைத்துத் தெருமுனை வரை கூட்டிப் போனதில்லை. 'அண்ணி டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கிறாங்களாம்' என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தவனும் அவன்தான். அவள் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, நான் ரொம்ப பயப்படுவேன். பின்னாடி யாராவது ஹாரன் அடிச்சா கால் தானா நழுவிடும்" என்றாள்.

"நழுவட்டும். வண்டி நிக்கும், அவ்வளவுதானே. ரோடு எங்கேயும் ஓடிப்போகாது."

சும்மா சொல்லக் கூடாது, டிரைவரம்மா நன்றாகவே சொல்லிக் கொடுத்தார். குரல் உயரவே இல்லை. டாஷ்போர்டைத் தட்டவில்லை. வண்டி நின்றால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னார். வாரத்தில் ஆறு நாள் பஸ், ஏழாவது நாள் கார். இடுப்பு ஒடிந்துதான் போயிற்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த மூன்று பேரும் இறங்கிப் போகிற நடையைப் பார்த்தால் இடுப்பு வலி தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டுகிற விதமே மாறியிருந்தது.

லைசென்ஸ் டெஸ்ட் நாள் வந்தது. மூன்று பேரும் பெயில்.

ஒருத்தர் பெயிலானால் பயம் என்று சொல்லலாம். மூன்று பேரும், ஒரே காரணத்துக்காக, வரிசையாகப் பெயில். மருந்துக்கடை அம்மா முதல் திருப்பத்தில், திரும்ப வேண்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கமாக ரோட்டின் பாதி வரை ஒதுங்கிப் போய், பிறகு பெரிய வட்டமாக வளைத்துத் திருப்பினார். எதிரே வந்த வண்டிக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஓரகத்தியும் அதே வட்டம். டீச்சர் அதற்கும் ஒரு படி மேலே போனார். வழியில் இருந்த பஸ் ஸ்டாப்பில் காரை அழகாக ஓரங்கட்டி நிறுத்தி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று சரிபார்த்துவிட்டுக் கிளம்பினார். ஸ்டாப்பில் நின்ற ஒரு பெரியவர் நிஜமாகவே கதவைத் திறக்க வந்துவிட்டார்.

டெஸ்ட் எடுத்த இன்ஸ்பெக்டர் காரை விட்டு இறங்கி, கதவில் எழுதியிருந்ததை ஒரு தடவை படித்தார். கடைசி எழுத்துக்குக் குனிந்தார்.

"இவங்களுக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"நான்தான் சார்."

"நீங்க என்ன ஓட்டுறீங்க?"

"பஸ்."

"அப்படிச் சொல்லுங்க. பின்னாடி ஐம்பது பேர் உக்காந்திருக்கிற மாதிரியே ஓட்டுறாங்க மூணு பேரும்."

டிரைவரம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. நீள வண்டியைத் திருப்ப வேண்டும் என்றால் எதிர்ப் பக்கம் ஒதுங்கித்தான் வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின் சக்கரம் பிளாட்பாரத்தில் ஏறிவிடும். அது அவர் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, கை தானாகச் செய்கிற காரியம். 'இப்படி ஒதுங்குங்க, இப்போ வளைங்க' என்று அவர் ஞாயிறு தவறாமல் சொல்லிக் கொடுத்தது முழுக்க பஸ். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதும் அது அவருக்குத் தப்பாகவே படவில்லை. எப்படிப் படும், அவருக்கு ரோடு என்றாலே அப்படித்தானே.

ஊருக்கு ஒரு மாசத்துக்குத் தேவையான சிரிப்பு கிடைத்துவிட்டது. மறுநாள் காலையில் கண்டக்டரே ஆரம்பித்தார். "அக்கா, டீச்சர் ஸ்டாப்புல நிறுத்தினாங்களாமே. டிக்கெட் யார் கிழிச்சது?" டிரைவரம்மாவும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் இன்னும் பேசுவார்கள். ஆனால் அன்று சாயங்காலம் டீச்சர் வந்து, "உங்களை நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். என் ஸ்கூல்ல பசங்க ஹாரன் சத்தம் போட்டுக் காட்டறாங்க" என்று சொல்லிவிட்டு, இனி வர மாட்டேன் என்று போய்விட்டார். அதற்கப்புறம் காரில் தனியாக உட்கார்ந்து டிரைவரம்மா அழுதார். பெயில் ஆனதற்காக இல்லை. 'இந்த வயசுல எதுக்கு' என்று சொன்ன அத்தனை பேர் வாய்க்கும் தன் கையாலேயே சர்க்கரை போட்டுவிட்டோமே என்றுதான்.

விஷயம் டயர் கடைக்கும் எட்டியது. மூன்று பேரில் ஒருத்தி தன் பெண்டாட்டி என்று தெரிந்ததும் கொழுந்தன் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தான். ஓரகத்தியும் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணி, இருக்கிற வேலையைப் பார்த்தோமா, வந்தோமான்னு இருக்கக் கூடாதா? நீங்க கெட்டது போதாதுன்னு இவளையும் ஏன் இழுக்கறீங்க? கடைக்கு வர்றவன் எல்லாம் 'உங்க வீட்டுல புதுசா பஸ் விட்டிருக்கீங்களாமே'ன்னு கேக்கறான்."

"கேட்டா ஆமான்னு சொல்லுங்க தம்பி. நான் பஸ் ஓட்டித்தான் உங்க அண்ணனும் நானும் பிள்ளையைப் படிக்க வெச்சோம். அதுல என்ன கௌரவக் குறைச்சல்?"

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "இனிமே நீ அந்தக் காருல ஏறக் கூடாது."

ஓரகத்தி இதுவரைக்கும் அவனிடம் எதிர்த்துப் பேசியதில்லை. பேசத் தெரியாது என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். "ஏறினா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

அவன் என்ன பண்ணுவான்? யோசித்துப் பார்த்தான், ஒன்றும் தோன்றவில்லை. "டயர் பஞ்சர் ஆனா என் கடைப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். மிரட்டல் என்றால் அதற்கு ஒரு தரம் வேண்டாமா? அவ்வளவு கலவரத்திலும் டிரைவரம்மாவின் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, அடுத்த டெஸ்டுக்கு நான் வரேன்" என்றாள் ஓரகத்தி. மருந்துக்கடை அம்மாவும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வர மாட்டோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால்கூட டிரைவரம்மா ஸ்கூலை மூடியிருப்பாரா என்பது சந்தேகம்தான். அவர்களே வரிந்துகட்டிக்கொண்டு நிற்கும்போது மூடுவாரா என்ன.

முதலில் தன் கையைச் சரிசெய்ய வேண்டும். மார்க்கெட்டுக்குப் பின்னால் விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் மைதானத்துக்கு வீட்டுக்காரரைக் கூட்டிப் போனார். அவரை ஓர் இடத்தில் நிறுத்தி, "நீங்கதான் பிளாட்பாரம். அசையாம நில்லுங்க. நான் உங்களை ஒட்டித் திரும்பணும்" என்றார். திருப்பினார். கார் அவரை விட்டு அடுத்த தெருவுக்குப் போகிற தூரத்தில் வட்டம் போட்டது.

"கல்யாணம் ஆனதுல இருந்து நீ என்னை விட்டு இவ்வளவு தூரம் ஒதுங்கினது இல்ல" என்றார் பிளாட்பாரம்.

"பேசாம நில்லுங்க. பிளாட்பாரம் பேசாது."

மறுபடி, மறுபடி. ஒட்டித் திரும்பும்போதெல்லாம் பின்னால் ஏதோ நீளமாக இழுபட்டுக்கொண்டு வருகிற மாதிரியும் அது வீட்டுக்காரர்மேல் ஏறிவிடும் என்றும் டிரைவரம்மாவுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒன்றுமில்லை, பின் சீட்டும் டிக்கியும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார். வெயில் ஏறுவதற்குள் கார் வீட்டுக்காரரின் சட்டையை உரசாத குறையாகத் திரும்ப ஆரம்பித்தது. அவருக்கு வியர்த்துவிட்டது. வெயிலாலா, பயத்தாலா என்று சொல்ல மறுத்துவிட்டார்.

சரியாகிவிட்டது என்று நினைத்தார்களே, அங்கேதான் வினை. மறுநாள் பஸ்ஸை எடுத்தார். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் கை அழகாக, ஒட்டினாற்போல, காரைத் திருப்புகிற மாதிரி திருப்பியது. பின் சக்கரம் தடதடவென்று பிளாட்பாரத்தில் ஏறி, அங்கே இருந்த குப்பைத் தொட்டியைச் சப்பையாக்கிவிட்டு இறங்கியது. யார் மேலேயும் படவில்லை. ஆனால் நின்றவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை அவருக்கு அவசரம் எதுவும் இல்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமைக் கூத்து திங்கட்கிழமை என் பஸ்ஸுக்கு வந்துடுச்சு பார்த்தீங்களா? இதுக்குத்தான் ரெண்டு படகுல கால் வைக்கக் கூடாதுங்கறது."

"கால் ரெண்டு இருக்கே சார். இன்னொண்ணை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஸ்கூலை மூடறேன்னு எழுதிக் குடுங்க, இந்தத் தொட்டி விஷயத்தை நான் இத்தோட விட்டுடறேன்."

"தொட்டி என் தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன். ஸ்கூல் என் தப்பு இல்ல. அதை மூடறேன்னு என் கை எழுதாது."

"அம்மா, உங்களுக்கு இன்னும் எவ்வளவு வருஷம் சர்வீஸ் இருக்கு? நிம்மதியா ஓட்டிட்டு, நிம்மதியா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே. இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?"

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் டிரைவரம்மா ஒருவேளை கொஞ்சம் தணிந்து போயிருப்பார். சொல்லிவிட்டாரே.

"இந்த வயசுலதான் சார் என்னை நம்பி ஐம்பது உயிரைக் குடுத்திருக்கீங்க. அதுக்கு வயசு சரியா இருக்கு, ரெண்டு பொம்பளைங்களுக்குக் கார் சொல்லித் தர மட்டும் வயசு ஜாஸ்தியா?"

மேனேஜர் பேனாவை மூடித் திறந்து மூடினார். கெட்ட மனிதர் இல்லை. தலைவலி வேண்டாம் என்று நினைக்கிற மனிதர். கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தார். அடுத்த மாச டெஸ்டில் அந்த இரண்டு பேரும் பாஸ் ஆக வேண்டும். ஒருத்தர் பெயில் ஆனாலும் கொடுத்த அனுமதி ரத்து, ஸ்கூலுக்குப் பூட்டு. பாஸ் ஆகிவிட்டால் அவர் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். அதுவரைக்கும் பஸ்ஸில் இன்னொரு தொட்டி சாயக் கூடாது.

"ஆனா டெஸ்ட் அன்னைக்கு லீவு கேட்காதீங்க. கிடையாது" என்றார்.

"கேட்கலை சார்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு வண்டிக்கும் இரண்டு கை முளைக்கப் போவதில்லை. என்ன செய்வது என்று யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தார். பஸ்ஸை எப்போதும் போல ஷூ போட்டு ஓட்டுவது. காரில் ஏறும்போது கதவுக்கு வெளியிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுவது. பெடலின் ரப்பர் உள்ளங்காலில் பட்டதும் இது கார், பின்னால் வால் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். ஷூவின் அடி தட்டினால் பஸ், ஒதுங்கு, வளை. கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். வேலை செய்தது. வீட்டுக்காரர் மறுபடி மறுபடி பிளாட்பாரமாக நின்றார். ஓரகத்தியும் மருந்துக்கடை அம்மாவும் அவரை ஒட்டி ஒட்டித் திருப்பினார்கள். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் பஸ் பழையபடி பெரிய மனுஷியாக வளைந்து போயிற்று. புதுத் தொட்டி வைத்திருந்தார்கள், அதன் மேல் தூசுகூடப் படவில்லை.

டெஸ்ட் நாள். டிரைவரம்மாவுக்குக் காலை டியூட்டி. வீட்டுக்காரர் கடைக்கு அரை நாள் சொல்லிவிட்டு அவர்கள் இரண்டு பேருக்கும் துணையாகப் போனார். அவருக்கு ஓட்டவே தெரியாது. காரை மருந்துக்கடை அம்மா ஓட்டிக்கொண்டு வர, பழைய லைசென்ஸ்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இவர் பின் சீட்டில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ரயில் நிலையத்துக்குப் போகிற டிரிப்பில், லைசென்ஸ் ஆபீஸ் ஸ்டாப்பில் பஸ் நின்றபோது மருந்துக்கடை அம்மா கும்பலைப் பிளந்துகொண்டு முன் படியில் ஏறினார். மூச்சு வாங்கியது.

"பாஸ், டிரைவரம்மா. ஒரு திருப்பத்துலகூட சக்கரம் வெளிய போகலை."

டிரைவரம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைக்கக்கூடக் கை எடுக்கவில்லை, பஸ் நின்றுகொண்டிருந்தாலும் அவர் எடுக்க மாட்டார். "அவ?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னும் கூப்பிடலை. கை ஜில்லுனு இருக்கு அவளுக்கு."

"ஏறினா டிக்கெட் எடுக்கணும்மா" என்றார் கண்டக்டர்.

"இறங்கத்தான்ய்யா ஏறினேன்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ரயில் நிலையத்துக்குப் போய், ஆட்களை இறக்கி ஏற்றி, திரும்பி வந்து, மார்க்கெட்டைத் தொட்டு, மறுபடியும் கிளம்பினார். அந்த டிரிப் முழுக்க அவர் மனம் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கையும் காலும் பஸ்ஸில்தான் இருந்தன. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. லைசென்ஸ் ஆபீஸ் ஸ்டாப்பில் நிறுத்தினார். நல்ல கூட்டம். ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அப்போதுதான் பார்த்தார்.

ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால், ஆபீஸிலிருந்து வரும் சின்ன ரோடு மெயின் ரோட்டில் வந்து சேருகிற இடம். அந்த முனையில் கார் நின்றுகொண்டிருந்தது. கதவில் பெரிதாகத் தொடங்கிச் சிறுத்துப் போகிற எழுத்து. ஸ்டியரிங்கில் ஓரகத்தி, பக்கத்தில் இன்ஸ்பெக்டர். மெயின் ரோட்டுக்குள் திரும்ப வேண்டும். இதே மாதிரி முனையில்தான் போன தடவை அவள் ரோட்டின் பாதி வரை ஒதுங்கிப் போய் பெயில் ஆனாள். அவளுக்குப் பின்னால் ஒரு வேன்காரன் நின்றுகொண்டு ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தான்.

கண்டக்டர் இரண்டு தட்டுத் தட்டினார். கிளம்பலாம் என்று அர்த்தம்.

டிரைவரம்மா கிளம்பவில்லை. பஸ் நகர்ந்தால் அந்த முனை அடைபடும். பஸ்ஸுக்குப் பின்னால் தேங்கி நிற்கிற வண்டிகள் எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகும். அவள் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்பாள், வேன்காரன் விடாமல் அடிப்பான், கால் நழுவும். பஸ் நிற்கிறவரைக்கும் ரோடு நிற்கும். திருப்ப வேண்டியது அவள்தான். அதை யாரும் அவளுக்காகச் செய்ய முடியாது. ஆனால் அவளுக்கு மூச்சு விட ஓர் இடம் கிடைக்கும்.

கண்டக்டர் மறுபடி தட்டினார். பிறகு முன்னால் வந்தார். "என்னக்கா, தட்டினது கேக்கலையா?"

"கேட்டுச்சு."

கண்டக்டர் அவர் பார்வை போன பக்கம் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். அந்த மனிதர் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை.

உள்ளே முணுமுணுப்பு ஆரம்பித்தது. டியூட்டிக்கு நேரமாச்சு என்றது ஒரு குரல். நடுவில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு காருக்காகவா இவ்வளவு பெரிய பஸ்ஸை நிறுத்தி வெச்சிருக்கீங்க? அதுவும் கத்துக்குட்டி வண்டி. இவங்களையெல்லாம் யார் ரோட்டுக்கு வரச் சொன்னது?" என்றார்.

டிரைவரம்மா சீட்டில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். யூனிஃபார்மில் இருக்கிறோம், டிப்போவுக்கு இது போய்ச் சேரும், மேனேஜர் விளக்கம் கேட்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இல்லை. பின் சீட்டு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"நான்தான் வரச் சொன்னேன். அது என் ஸ்கூல் காரு. ஓட்டுறது என் ஓரகத்தி. அது போன பிறகுதான் இது போகும்."

நீள சீட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து கண்ணாடிப் பக்கம் வந்துவிட்டார்கள்.

கார் அசைந்தது. குலுங்கவில்லை. வேன்காரன் நீளமாக ஒரு ஹாரன் அடித்தான், கார் நிற்கவில்லை. முன் சக்கரம் முனையைத் தொடுகிற மாதிரி வந்து, பிளாட்பாரத்தை ஒட்டி, ஒரு சாண் இடைவெளி விட்டு, எந்தப் பக்கமும் ஒதுங்காமல், கார் எப்படித் திரும்ப வேண்டுமோ அப்படித் திரும்பி, நேராகி, மெயின் ரோட்டில் போக ஆரம்பித்தது. ஓரகத்தி பஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டை மட்டும் பார்த்தாள். அவள் பாஸ் என்று ஆபீஸில் மத்தியானம்தான் எழுதிக் கொடுத்தார்கள். டிரைவரம்மாவுக்கு அந்தக் காகிதம் தேவைப்படவில்லை.

"ரைட்" என்றார் கண்டக்டர். வழக்கமாகப் பின்னாலிருந்து கத்துகிறவர், இன்றைக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்.

பஸ் கிளம்பியது. முன்னால் கார், நிதானமாக, அதன் வேகத்தில். முனையைத் தாண்டியதும் ரோடு அகலமாகத்தான் இருந்தது.

"ஓவர்டேக் பண்ணிட்டுப் போங்கம்மா. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க" என்றார் நடுவில் நின்றவர்.

"அடிக்கட்டும்" என்றார் டிரைவரம்மா.